என் தம்பி, துறைத் தலைவர் (பொறுப்பு)

என் தம்பி நிலவன் ஒரு டாக்டர். எங்கள் தெருவில் பாதிப் பேர் அதை நம்புவதில்லை. ஊசி போடாத, மருந்துச் சீட்டு எழுதாத, வாசலில் போர்டு மாட்டாத டாக்டரை அவர்கள் பார்த்ததில்லை. மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு பாடம் எடுக்கிறான் என்று நான் விளக்கினால், "அப்போ பொணம் அறுக்குறவரா?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். எதிர் வீட்டுப் பட்டம்மாள் அவனுக்கு வைத்த பெயரே பொண டாக்டர். பேரனுக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் எங்கள் வீட்டைத் தாண்டித் தெருமுனைக் கிளினிக்குக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"இன்னாம்மா, டாக்டரு இங்க கீறாரு, நீ எங்க போற?" என்று கேட்டேன்.

"உன் தம்பி செத்தவங்களத்தான பாப்பாரு? என் பேரன் உசுரோட கீறான்" என்றாள்.

நாங்கள் வியாசர்பாடி குடியிருப்பில் பிறந்தவர்கள். அப்பா பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டி கழுவினார். நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். இப்போது திருவொற்றியூரில் ஓர் எடை மேடையில் வேலை செய்கிறேன். லாரி மேடையில் ஏறும், நான் எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பேன். யார் என்ன சொன்னாலும் இரண்டு தடவை சரி பார்ப்பது அங்கே வந்த பழக்கம். நிலவன் சம்பந்தப்பட்டது என்றால் மூன்றாவது தடவையும் பார்ப்பேன்.

அவன் மாநகராட்சிப் பள்ளியில் படித்து, மார்க் எடுத்து, மருத்துவம் சேர்ந்தவன். மேல்படிப்புக்குப் போனபோது குழந்தை டாக்டராகவோ எலும்பு டாக்டராகவோ வருவான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். உடற்கூறு என்று வந்து நின்றான். இவனுடைய இடத்தை யாரோ தட்டிப் பறித்துவிட்டார்கள், வெளியே சொல்லப் பயப்படுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. கேட்டால் சிரிப்பான்.

"நானேதான்க்கா எடுத்தேன். நம்ம பிளாக்குலேர்ந்து வர்ற மாதிரிப் பசங்க மொத வருஷம் அங்கதான் மெரண்டு ஓட்றாங்க. இங்கிலீஷ் புக்கு, பொணம், வாடை. அந்த எடத்துல நம்மாளு ஒருத்தன் நிக்கணும்ல?"

நான் அதை வெகு நாள் நம்பவில்லை. ஒரு தடவை கல்லூரி விழாவுக்கு என்னைக் கூட்டிப் போனான். காலியான வகுப்பறையைக் காட்டும்போது, நான் கேட்டதற்காக இரண்டு கையிலும் சாக்பீஸ் எடுத்து, ஒரே நேரத்தில் இரண்டு தோளையும் அவற்றின் நரம்புகளையும் பலகையில் வரைந்தான். இடது பக்கம் எப்படியோ வலது பக்கமும் அப்படியே இருந்தது. இடம் பறிகொடுத்தவன் இவ்வளவு ஆசையாக வரைய மாட்டான் என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் சமாதானம் ஆனேன்.

கல்லூரியின் பெயரை எழுதக் கூடாது என்று தம்பி சொல்லிவிட்டான். தனியார் கல்லூரி. ரயிலில் போய், இறங்கி, கல்லூரி பஸ் பிடிக்க வேண்டும். பயிற்றுநராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, பேராசிரியர் ஆனான். பழைய துறைத் தலைவர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலி இவனுக்கு வந்தது. தலைவரானதும் இவன் செய்த முதல் வேலை, மற்ற ஆசிரியர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தது. அவர்களையும் தன் வகுப்பில் உட்காரச் சொன்னான். பிறகு எல்லாரும் டீ குடித்துக்கொண்டே, யார் எங்கே சொதப்பினார்கள் என்று பேசுவார்களாம். சாயங்காலத்தில் தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்குத் தமிழிலேயே பாடத்தைத் திரும்பச் சொல்வான்.

அவன் அறை வாசலில் மாட்டிய பெயர்ப் பலகையை அவன் துறையில் வேலை செய்யும் நோயல் என்ற இளம் ஆசிரியர் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். டாக்டர் நிலவன், துறைத் தலைவர் (பொறுப்பு) என்றிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாத் தலைவர்களுக்கும் அப்படிப் போட மாட்டார்கள், பொறுப்பாக நடந்துகொள்கிறவர்களுக்கு மட்டும் போடுவார்கள் என்று நினைத்தேன்.

என் மகள் மதியின் கல்யாண வரவேற்புக்கு ஃப்ளெக்ஸ் அடித்தபோது, தாய்மாமன் படத்துக்குக் கீழே அதையே போடச் சொன்னேன். அடைப்புக்குறி அசிங்கமாக இருந்தது. அதை எடுத்துவிட்டு, 'பொறுப்பு' என்ற சொல்லை மட்டும் சிவப்பில் பெரிதாகப் போடச் சொன்னேன். மண்டப வாசலில் தம்பியின் தலையை விட அந்தச் சொல் பெரிதாக நின்றது.

அன்று சாயங்காலம் டோரதி மேடம் வந்தார். ராயபுரத்துக்காரர், துறையில் தம்பிக்கு அடுத்த இடத்தில் இருப்பவர். ஃப்ளெக்ஸ் முன்னால் நின்றார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். போனை எடுத்துப் படமும் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மேடம், சிரிக்கிறீங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. சூப்பரா கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒன்றும் இல்லாததற்கு யாராவது படம் பிடிப்பார்களா? விருந்து முடிந்ததும் தம்பியைப் பிடித்துக் கேட்டேன். அவன் ஃப்ளெக்ஸை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அக்கா, பொறுப்புன்னா வேற ஆளப் போட்ற வரைக்கும் நீ பாத்துக்கன்னு அர்த்தம்."

"அப்போ நீ தலைவர் இல்லியா?"

"வேலையெல்லாம் தலைவர் வேலைதான். நாற்காலிதான் இன்னும் என்னுது ஆவல."

அப்படியானால் அதை அவனுக்கு ஆகவிடாமல் தடுப்பது யார்? அன்றிலிருந்து எனக்கு இதே யோசனைதான். தகுதி இருக்கிறது, மாணவர்கள் கும்பிடுகிறார்கள், ஆனாலும் வருஷக்கணக்காக அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறார்கள். இவன் விலகினால் யாருக்கு லாபம் என்று பார்த்தேன். டோரதி மேடத்துக்குத்தான்.

அதற்கேற்றாற்போல் காரியங்களும் நடந்தன. மேடத்திடமிருந்து போன் வந்தால் தம்பி மாடிப்படிக்குப் போய்ப் பேசினான். ஞாயிற்றுக்கிழமைகளில் மேடமும் நோயலும் எங்கள் வீட்டுக்கே வர ஆரம்பித்தார்கள். நான் டீயோடு உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும், மீன் விலை பற்றி என்னிடம் கேட்பார்கள். நான் பட்டம்மாளிடம் சொன்னேன்.

"இதுல இன்னா கீது தெரியாம? அந்தம்மா உன் தம்பி சீட்டுக்கு ரூட்டு போட்டுகினு கீது. நீ அதுக்கு டீ போட்டுக் குடுத்துகினு கீற" என்றாள் அவள்.

அடுத்த ஞாயிறு நான் டீத் தட்டோடு கதவுக்கு வெளியே நின்றேன். மேடத்தின் குரல் தெளிவாகக் கேட்டது.

"உங்கள எடுத்துட்டா அடுத்து நான்தான் சார். அது கன்ஃபார்ம்."

அதற்கு மேல் நான் பொறுக்கவில்லை. தட்டை டங்கென்று மேசையில் வைத்தேன்.

"ஏன் மேடம், அவன் வூட்டுச் சோத்தத் துன்னுட்டு அவன் சீட்டயே கேக்கறீங்களே, நல்லா கீதா?"

நோயல் பிஸ்கட்டை வாயில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். மேடம் சிரிக்க ஆரம்பித்து, புரையேறி, தண்ணீர் கேட்டார்.

"சார், அக்காகிட்ட சொல்லிடுங்க. இல்லன்னா அடுத்த வாரம் டீயில இன்னா கலந்து குடுப்பாங்களோ."

தம்பி சொன்னான். கல்லூரியை ஆய்வு செய்ய மேலிடத்துக்காரர்கள் வரப்போகிறார்கள். துறையில் எத்தனை ஆசிரியர்கள் வேண்டுமோ அத்தனை பேர் இல்லை. வேறு ஊரில் கிளினிக் வைத்திருக்கும் ஒருவரை அந்த ஒரு நாளைக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி நிறுத்த நிர்வாகம் ஏற்பாடு செய்திருக்கிறது. இவர் எங்கள் துறை ஆசிரியர் என்று துறைத் தலைவர் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் அடைப்புக்குறி போய்விடும், நிரந்தரத் தலைவர் ஆகலாம் என்று தாளாளரே அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

"நான் மாட்டேன்னா மேடத்தக் கேப்பாங்க. மேடம் மாட்டேன்னா நோயல. யாரும் சொல்லக் கூடாதுன்னுதான் பேசிகினு கீறோம்" என்றான்.

சரக்கு எடையைக் கூட்டிக் காட்ட கிளீனரை லாரி மேலே பதுங்க வைக்கிற டிரைவர்கள் உண்டு. இதுவும் அதே வேலைதான். எனக்கு உடனே புரிந்தது. ஆனாலும் என் வாயில் வேறுதான் வந்தது.

"ஒரு வார்த்த தானடா? ஒரு நாளு தான? சொல்லிட்டு நாற்காலிய வாங்கிக்கினு, அப்பறம் நீ நல்லது செய்யேன்."

தம்பி டீயைத் தள்ளி வைத்தான்.

"அந்தாளு எடுக்க வேண்டிய வகுப்ப யாருக்கா எடுப்பா? அவன் வந்துட்டான்னு நான் சொல்லிட்டா, அப்பறம் ஆளு பத்தலன்னு நான் எந்த வாயால கேக்கறது?"

தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆய்வு நாளில் நடந்ததை மேடம் போனில் சொன்னார். ஆசிரியர்கள் வரிசையாக நின்றிருக்கிறார்கள். கடைசியில் ஒருவர், கோட்டில் மடிப்புக் கலையாமல். ஆய்வுக்கு வந்தவர், இவர் என்ன பாடம் எடுக்கிறார் என்று தம்பியைக் கேட்டாராம். நிர்வாகத்து ஆட்கள் பின்னாலேயே நின்றிருக்கிறார்கள். தம்பி குரலை உயர்த்தாமல், "தெரியல சார். இவர இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றானாம். அந்த ஆள் கோட்டைக் கழற்றாமலேயே வெளியே போய்விட்டாராம்.

அந்த வாரமே தம்பியைத் தலைவர் இடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பேராசிரியராகவே இருக்கலாம், வகுப்பு எடுக்கலாம், அவ்வளவுதான். ஆய்வுக்காரர்கள் மறுபடி வருவதாகச் சொல்லிப் போயிருந்ததால் நிர்வாகத்துக்கு அவசரமாக ஒரு தலைவர் வேண்டியிருந்தது. மேடத்தைக் கேட்டார்கள். முடியாது என்றார். நோயல் ரொம்பச் சின்னவர், விதிப்படி பார்த்தால் அந்த நாற்காலிக்கு அருகே கூட வர முடியாது. இருந்தும் அவரையும் அழைத்துக் கேட்டார்கள்.

எனக்கு நோயல் மேல் அப்போதே நெஞ்சில் ஒரு முள். நல்ல பையன்தான். ஆனால் புதிதாகக் கல்யாணம் ஆனவர், வேலை போனால் தாங்க மாட்டார். அந்த ஞாயிறு வந்தார். வஞ்சிரம் வறுத்துப் போட்டேன். மீனைப் பிய்த்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. ஒத்துக்கொண்டுவிட்டார், அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நைனா, இன்னா சொல்லிட்டு வந்த?" என்று நேராகவே கேட்டேன்.

"முடியாதுன்ட்டேன்க்கா. ஆனா உள்ள உதறிகினே கீது. பொண்டாட்டிகிட்ட இன்னும் சொல்லல."

தம்பி தன் தட்டிலிருந்த நடுத்துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தான்.

"நாளைக்கு முழங்கை வகுப்பு உன்னுது. நான் கடைசி பெஞ்சுல உக்காந்துப்பேன். போன தடவ மாதிரி நரம்ப விட்டுட்டுப் போன, பசங்க முன்னாடியே கேப்பேன்" என்றான்.

நோயல் அப்போதுதான் மீனைத் தின்றார். துறைக்குத் தலைவர் இல்லை. காலையில் யார் எந்த வகுப்பு என்று மற்றவர்கள் இன்னும் என் தம்பியைத்தான் கேட்கிறார்கள் என்று அன்றைக்குப் பேச்சுவாக்கில் தெரிந்தது.

இருந்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை. உதறுகிறவர் ஏன் உதறுகிறார் என்று நமக்குத் தெரியாதே. மறுநாள் எடை மேடையில் லாரி இல்லாத நேரம் பார்த்து டோரதி மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், நோயலு மெய்யாலுமே மாட்டேன்னு சொன்னாரா?"

"சொன்னான்க்கா. நான் ரூமுக்கு வெளியத்தான் நின்னுகினு இருந்தேன், என் காதால கேட்டேன். ஏன்க்கா, இப்படியே ஒவ்வொருத்தரா வெசாரிப்பீங்களா? நாளைக்கு என்னப் பத்தியும் யார்கிட்டயாவது கேப்பீங்களா?"

"உங்களப் பத்தி நோயலுகிட்ட நேத்தே கேட்டுட்டேன் மேடம்" என்றேன்.