வலப்பக்கக் கோடுகள்

என் அண்ணா வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்த கம்ப்யூட்டர் ஒன்று என்னிடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தொண்ணூறுகளின் சரக்கு. கீபோர்டுக்குள்ளேயே மொத்த மெஷினும் அடக்கம். இதை வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் என்ன செய்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. ரிட்டையர் ஆனவன் எதையாவது நோண்டிக்கொண்டுதான் இருப்பான். மற்றவர்கள் அரசியலை நோண்டுகிறார்கள், நான் இதை நோண்டுகிறேன்.

அந்த மெஷினில் பாட்டுக் கேட்க ஒரு பிளேயர் உண்டு. பாட்டு ஓடும், ஆனால் திரையில் ஒன்றும் அசையாது, மொட்டைச் சுவர் மாதிரி இருக்கும். அதே மெஷினைக் கட்டிக்கொண்டு அழுகிற கொஞ்சம் பேர் உலகமெங்கும் இருக்கிறார்கள். இணையத்தில் எங்களுக்கு ஒரு குழு. அந்தக் குழுவுக்காக, பிளேயரோடு ஒட்டவைக்கிற ஒரு சின்ன புரோகிராம், பிளக்-இன் என்பார்கள், எழுத உட்கார்ந்தேன். பாட்டு ஓட ஓட வண்ணக் கோடுகள் எழுந்து விழ வேண்டும். கனத்த ஒலிகள் இடப்பக்கம், மெல்லிய கீச்சொலிகள் வலப்பக்கம். மிருதங்கத்தின் தொம்மென்கிற தொப்பிப் பக்கம் இடக்கோடியில் குதித்தால் ஜால்ரா வலக்கோடியில் குதிக்கும்.

எழுதி முடித்து ஓடவிட்டேன். இடப்பக்கம் அழகாக ஆடியது. நடுவிலும் குறையில்லை. வலப்பக்கத்தில்தான் தகராறு. அங்கே கோடுகள் பேய் பிடித்தது போலக் குதித்தன, ஆனால் என் காதில் அதற்கு ஈடாக ஒரு சத்தமும் இல்லை. பழைய மெஷின்களில் இப்படி இரைச்சல் கசிவது வழக்கம்தான். அதைத்தான் திரை காட்டுகிறது என்று தீர்மானித்தேன்.

நான் கைலாசபுரம் ஃபேக்டரியில் வேலை பார்த்தவன். இரும்புத் தகடுகளை வளைத்து வெல்டிங் செய்யும் ஷாப்பில் தொடங்கி, அங்கேயே இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவன். எங்கள் வேலையின் தர்மம் ஒன்றுதான்: டிராயிங்கில் இல்லாதது தகட்டில் நீட்டிக்கொண்டிருந்தால், கிரைண்டரை வைத்துத் தேய்த்து எடு. எனக்குக் கேட்காத கோடு டிராயிங்கில் இல்லாத கோடு. தேய்த்து எடுத்தேன். பிளக்-இன்னைக் குழுவில் ஏற்றிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

பின்லாந்துக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: "வண்ணங்கள் அருமை. ஆனால் வலப்பக்கம் ஏன் செத்துக் கிடக்கிறது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கோபம் ஷாப்பில் பிரசித்தம். ஆளாளுக்கு மெஷினை ஒழுங்காக வைத்துக்கொள்வதில்லை, இரைச்சலைச் சங்கீதம் என்கிறார்கள் என்று ஒரு பதிலை அடித்தேன். அனுப்புவதற்கு முன்னால், சாட்சிக்கு இருக்கட்டும் என்று என் மனைவியைக் கூப்பிட்டேன்.

அவளுக்குப் பிறந்த வீடே ஸ்ரீரங்கம். நான் ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அவள் ஊரிலேயே ஃபிளாட் பார்த்து வந்தோம். வந்ததிலிருந்து அவள் பேச்சு குறைந்துபோயிருந்தது. பெருமாள் சேவை, மடைப்பள்ளி வாசனை, அக்காவோடு ஃபோன். என்னிடம் மட்டும் வாய் திறப்பதில்லை. ஏதோ வருத்தம் என்று நானும் விட்டுவிட்டேன். ஒருதரம் அவள் அக்காவிடமே, "உங்க தங்கைக்கு என்னோட பேசப் பிடிக்கலை" என்று புகார் சொன்னேன்.

தேய்த்த கோடுகளைத் திரும்பப் போட்டுப் பாட்டை ஓடவிட்டேன். வலப்பக்கம் குதிக்கும்போது திரையைத் தொட்டுக் காட்டி, "இதோ, இங்க ஏதாவது கேக்கறதா?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் இரண்டு கையையும் தூக்கி, விரல்களைப் படபடவென்று ஆட்டிக் காட்டினாள். கோடு குதித்த அதே கணத்தில் விரல்கள் ஆடின. கோடு நின்றபோது நின்றன. பிறகு என் காதருகே வந்து கத்தினாள்.

"ஜால்ரா மாதிரி சலசலன்னு கேக்கறதேன்னா! உங்களுக்குக் கேக்கலையா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அடித்து வைத்த பதிலை அழித்தேன்.

இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது என்று கேட்கலாம். எங்கள் ஷாப்பில் சுத்தியலும் கிரைண்டரும் ஓயாது. காதுக்குக் கொடுத்த பிளக்கைப் பாக்கெட்டில் வைத்திருப்போம். தலைக்கு மேல் கிரேன் வருகிற மணி கேட்க வேண்டுமே. பேச்சு பாதி கையால், பாதி கத்தலால். வீட்டுக்கு வந்தாலும் அதே கத்தல். குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக் முழுக்கக் கத்துகிற ஆண்கள்தான். "ஷாப்காரங்க குரல்" என்று பெண்கள் சிரித்துக்கொள்வார்கள். எல்லாரும் கத்துகிற இடத்தில் செவிடன் யார் என்று யார் கண்டுபிடிப்பது? "செவிடன் காதுல ஊதின சங்கு" என்று என் மனைவியும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். என் பிடிவாதத்தைச் சொல்கிறாள் என்று நான் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

மன்னார்புரத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள் அங்கிருந்த பெண். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் கப்பல் ஊதுவது போலக் கனத்த சத்தங்கள், நன்றாக அழுத்தினேன். அப்புறம் ஒன்றுமே வரவில்லை. காத்திருந்தேன். கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்தேன். பொறுமை போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"ஏம்மா, மெஷின் நின்னுடுத்தா?"

அவள் கதவைத் திறந்து உரக்கச் சொன்னாள். "இல்லீங்க சார். டெஸ்ட் முடிஞ்சிடுச்சு."

காகிதத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டினாள். இடப்பக்கம் ஓரளவு நேராக வந்து, பாதிக்கு மேல் பள்ளத்தில் விழுந்திருந்தது. பிளக்-இன்னில் நான் எங்கே வெட்டினேனோ அங்கேதான் விழுந்திருந்தது. டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. "நரம்பு போயிடுச்சுங்க. திரும்ப வராது. காது மெஷின் வெச்சா சத்தம் கூடும், பேச்சு புரியுமான்னு சொல்ல முடியாது. பொம்பளைங்க குரல், குழந்தைங்க குரல், அதுதான் முதல்ல போகும்."

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் ஆட்டோ நெரிசலில் நின்றது. என் மனைவி என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லாகக் கத்திச் சொன்னாள்.

"நான் பேசிண்டுதான் இருந்தேன். நீங்க பதில் சொல்லலை. உங்களுக்கு வேண்டாமோன்னு நிறுத்திட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காது மெஷின் வாங்கினோம். தட்டு வைக்கிற சத்தம் கத்தியாகக் குத்தியது, தெருவில் ஹார்ன் மண்டையைப் பிளந்தது. அவள் பேச்சு மட்டும் தண்ணீருக்கடியில் யாரோ பேசுவது போல இருந்தது. இப்போது அது அலமாரியில் கிடக்கிறது. அவளும் தலையாட்டலுக்கும் கைக்காட்டலுக்கும் பழகிவிட்டாள். சாப்பிட வா, மாத்திரை போடு, விளக்கை அணை. இதற்கு மேல் கையால் என்ன சொல்ல முடியும்?

பிளக்-இன்னைத் திருத்தி மறுபடி ஏற்றினேன். பின்லாந்துக்காரர் இப்போது கச்சிதம் என்று எழுதினார். எது கச்சிதம் என்று எனக்குத் தெரியாது, அவர் சொன்னால் சரி.

போன வாரம் ஒரு சாயங்காலம் ஒரு யோசனை வந்தது. பழைய டேப் ரிக்கார்டரின் மைக்கை அந்தக் கம்ப்யூட்டரில் மாட்டி, பாட்டுக்குப் பதிலாக மைக்கிலிருந்து வருவதைக் கோடுகளாக்கினேன். மனைவியை முன்னால் உட்காரவைத்து, பேசு என்றேன். என்ன பேசறது என்று கையை விரித்தாள். எதையாவது பேசு என்றேன்.

முதலில் வெட்கப்பட்டாள். அப்புறம் பேசினாள். இடப்பக்கம் அவ்வளவாக அசையவில்லை. எனக்குச் செத்துப்போன அந்த வலப்பக்கம் முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாக எழும்பியது. அவள் குரல் இருக்கிற இடம் அதுதான் என்று புரிந்தது. நிறுத்துவாள் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. திரையைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு போனாள். நடுவில் ஒருதரம் சிரித்தாள். பிறகு கோடுகள் சின்னச் சின்னதாக நடுங்கின. திரும்பிப் பார்த்தேன், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதும் வாய் ஓயவில்லை. எத்தனையோ வருஷத்துப் பேச்சு.

கடைசியில் கோடுகள் எல்லாம் படுத்துவிட்டன.

"என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு அவள் உதடுகள் அசைந்தன. ஒண்ணுமில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் உதட்டைப் பார்த்தே என்னால் படிக்க முடியும்.