எல்ப்ரஸில் மேகம், தி.நகரில் ஆடித் தள்ளுபடி

போன வருடம் ஆடித் தள்ளுபடி நேரம். தி.நகரில் நான் வேலை பார்க்கும் புடவைக் கடையில் நிற்க இடமில்லை. என் கணவர் சினிமாவில் சண்டைக் காட்சிகளில் நடிப்பவர். வெகுநாள் ஆசைப்பட்டு, ஒரு குழுவோடு ரஷ்யாவின் எல்ப்ரஸ் மலை ஏறப் போயிருந்தார். பனி மூடிய பழைய எரிமலை அது. இரண்டு சிகரங்கள், நடுவில் குதிரைச் சேணம் போல ஒரு தாழ்வு. பயத்தில் அதன் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

மதியம் ஓர் அம்மாவுக்குப் புடவை விரித்துக் காட்டும்போது கணவரிடமிருந்து போன் வந்தது.

"இன்னாமே, கேக்குதா? எல்லாரையும் வுட்டுட்டேன். சுத்தி வெள்ளையா கீது, ஒண்ணும் தெர்ல."

சிகரத்திலிருந்து திரும்பும் வழி. குழுவில் ஒருவருக்கு மூச்சுத் திணறவே, வழிகாட்டி அவரை வேகமாக இறக்கிக்கொண்டு போயிருக்கிறார். இவர் காலணியைச் சரிசெய்ய நின்ற நேரத்தில் மேகம் மூடிவிட்டது. இருக்கும் இடத்தை போனில் அனுப்பினார்; இரண்டு சிகரங்களுக்கும் நடுவே அந்தத் தாழ்வு.

"நேரா எறங்கிக்கினு கீறேன். சுளுவாதான் கீது."

அந்தத் தாழ்விலிருந்து பாதை நேராக இறங்காது. கிழக்குச் சிகரத்தின் இடுப்பை ஒட்டிப் பக்கவாட்டில் போய், அப்புறம்தான் கீழே திரும்பும். நேராக இறங்கினால் பனியாறு. மெல்லிய பனி மூடிய ஆழமான வெடிப்புகள்.

"யோவ், நில்லு! ஒரு அடி வைக்காத. கீழ பூரா வெடிப்பு. அங்கியே குந்து!"

வழிகாட்டியின் எண் என்னிடம் இருந்தது. ஆனால் எனக்கு ஆங்கிலம் வராது. அதுவரை "எவ்ளோ நேரம்மா நிக்கறது?" என்று சிடுசிடுத்துக்கொண்டிருந்த அந்த அம்மா கையை நீட்டினார்.

"நம்பரைக் குடு. நான் பேசறேன்."

தன் போனில் அழைத்து, நான் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் சொன்னார். இடத்தையும் அனுப்பினார்.

"மேல ஏறி வராராம். உன் வீட்டுக்காரர் நகரவே கூடாதாம். குளிர்ல பேட்டரி செத்துடும், பேச்சை நிறுத்தச் சொல்றார்."

"வெச்சிடாதமே," என்றார் என் கணவர். மாடியிலிருந்து குதிக்கிற மனுஷனின் குரல் நடுங்கியது.

நான்தான் வைத்தேன்.

கடை மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். அந்த அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். மேலாளர் வந்து முறைத்தார். "நான்தான் உக்கார வெச்சிருக்கேன்" என்று அந்த அம்மா அவரை அனுப்பிவிட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கையை மட்டும் விடவில்லை.

சாயங்காலம் அந்த அம்மாவின் போன் ஒலித்தது. வழிகாட்டிதான். பின்னால் என் கணவர் இருமுவது கேட்டது. அப்போதுதான் எனக்கு அழுகையே வந்தது.

அந்த அம்மாவின் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். துணை என்றால் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது யாராவது கலங்கி உட்கார்ந்திருந்தால், ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.