மோர் குடித்த காக்கிச் சட்டைகள்

எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வந்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் போலீஸ் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. போடியில் இருந்தோம். அப்பா ஏலக்காய் வியாபாரி. ஏலக்காயை எங்கள் ஊரில் வெறுமனே காய் என்பார்கள், உலகத்தில் வேறு காய்களே இல்லாததுபோல. முன்னறையை ஒட்டிய சிறிய அறை முழுக்கக் காய்ச் சாக்குகள். ஒரு சாக்குக்கூட எங்களுடையதல்ல. மலையில் தோட்டம் வைத்திருந்தவர்கள், விற்றுத் தரச் சொல்லி அப்பாவை நம்பி இறக்கி வைத்தவை. அவை தொலைந்தால் வீட்டை விற்றாலும் ஈடுகட்ட முடியாது என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். மலைக்குப் போகும்போதெல்லாம் அம்மாவிடம், "நான் இல்லாதப்ப காய் ரூமுக்குள்ள வெளியாளு ஆரையும் விடாத" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார். அம்மா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவள்போலத் தலையாட்டுவாள்.

அன்று வெள்ளிக்கிழமை. அப்பா மலைக்குப் போய் இரண்டு நாளாகியிருந்தது. காய் தரம் பிரிக்க வரும் பெண்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். அம்மா நிலைப்படிக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துவிட்டு, வாசல் கம்பிக்கதவைப் பூட்டினாள். சற்று நேரத்தில் கதவுக்கு வெளியே இரண்டு காக்கிச் சட்டைகள் வந்து நின்றன.

"போலீஸ். கடத்தல் காய் பதுக்கி வச்சிருக்கதாத் தகவல். கதவத் தொறங்க, சோதனை போடணும்" என்றார் மீசைக்காரர். கூட வந்த இளையவர் தெருவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அவுக மலைக்குப் போயிருக்காகய்யா. சாயங்காலம் எங்கண்ணன் வந்துருவாக. வந்ததும் தொறக்கேன்."

"போலீசையே காக்க வைப்பீகளா? ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம், பாத்துக்கங்க."

எனக்கு அம்மாவை நினைத்து வெட்கமாக இருந்தது. போலீஸ்காரர் நம் நண்பர் என்ற பாடத்தை வகுப்பில் தடங்கலில்லாமல் ஒப்பித்துப் பெயர் வாங்கியவள் நான். அம்மாவுக்கும் அந்தப் பாடம் தெரியும். எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

மீசைக்காரர் என் பக்கம் குனிந்தார். "பாப்பா, நீ நல்ல பிள்ளைதான? சாவி எங்கன இருக்கு, சொல்லு."

"அம்மா இடுப்புல" என்றேன், வகுப்பில் பதில் சொல்லும் குரலில்.

அம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு கையால் இடுப்பைப் பொத்திக்கொண்டு, "வெயில்ல வந்திருக்கீக, உக்காருங்கய்யா. மோர் தாரேன்" என்றாள். சொம்பு கம்பிக்கு இடையில் நுழையவில்லை. காப்பி டம்ளரில் ஊற்றிக் கொடுக்க, ஒவ்வொன்றாக நான்தான் வெளியே நீட்டினேன்.

இளையவர் டம்ளரை வாங்கிக்கொண்டு படியில் உட்காரப் போனவர், நிலைப்படி மஞ்சளைப் பார்த்ததும் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து ஆளுக்கு, வெள்ளிக்கிழமை வாசலில் செருப்புக் காலோடு உட்கார்ந்து ஒன்றை வாங்கிக் குடிக்க மனம் வராது. அவருடைய கணுக்காலைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். அப்பாவின் காலில் நான் எண்ணி விளையாடுகிற அதே புள்ளிகள்.

"அம்மா! இவுக காலுலயும் அப்பாவுக்கு மாதிரியே அட்டை கடிச்சிருக்கு!"

ஏலத் தோட்டத்து ஈரத்தில் நாள் முழுக்க நடப்பவர்களை அட்டை விடாது. இளையவர் காலைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார். அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கால்களையே பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "எந்தத் தோட்டத்துல வேலை, தம்பி?"

அதுவரை ஐயா என்றவள் தம்பி என்றாள்.

"வாடா, வெளங்காதவனே!" என்று மீசைக்காரர் தெருவில் இறங்கிவிட்டார். இளையவர் மிச்ச மோரை ஒரே மடக்கில் குடித்து, டம்ளரைப் படியோரம் பத்திரமாக வைத்துவிட்டு, பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

சாயங்காலம் வந்த மாமா ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்தார். அங்கிருந்து யாரையும் அனுப்பவில்லை என்றார்கள். மறுநாள் அப்பா வந்து, கேட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். "இவ கண்ணுல மண்ணத் தூவ முடியுமா!" என்று பஜார் முழுக்க அம்மாவின் பெருமைதான். என்னை 'எங்க வீட்டு சி.ஐ.டி.' என்று கூப்பிட்டுப் பால்கோவா வாங்கித் தந்தார். சாவி இருந்த இடத்தைச் சொன்னதும் இந்த சி.ஐ.டி.தான் என்பதை அம்மா அவரிடம் சொல்லவே இல்லை.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவுக்குச் சோறு போடும்போது, "நெசப் போலீசா இருந்திருந்தா என்னங்க ஆயிருக்கும்?" என்றாள்.

"அதான் இல்லையே" என்றார் அப்பா.

திங்கட்கிழமை காலை எனக்குச் சடை பின்னும்போதும் தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள். "நெசமாவே கூட்டிட்டுப் போயிருந்தா ஒன்ன ஆரு பாத்திருப்பா?"

இன்று எனக்கும் ஒரு சிறு மகள் இருக்கிறாள். மீட்டர் பார்க்க வந்தேன் என்று யாராவது நின்றால் அடையாள அட்டை கேட்கிறேன். அவர் போன பிறகு, பாவம், நல்ல மனிதரைப் புண்படுத்திவிட்டோமோ என்று கவலைப்படுகிறேன். அப்படியே போய்த் தாழ்ப்பாளையும் இன்னொரு முறை சரிபார்க்கிறேன். இப்போதுதான் எனக்கு அந்த மதியம் விளங்குகிறது. நான் அந்தக் கால்களைக் காட்டும்வரை, அம்மாவுக்கு அவர்கள் இருவரும் நிஜப் போலீஸ்தான். அப்படி நினைத்துக்கொண்டேதான் அவள் சாவியைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை எனக்கு அது தெரியவில்லை. "அவுகதான் பொய்ப் போலீசாச்சேம்மா" என்று சிரித்தேன். பிறகு, சடையை ஏன் இவ்வளவு இறுக்கிப் பின்னுகிறாய் என்று சிணுங்கினேன்.