அலசுவதற்கு ஒரு பக்கெட்

டிசம்பர் எட்டாம் தேதி, ஞாயிறு, காலை மணி பத்து பத்து. ஏற்காட்டில் நல்ல மூடுபனி... எங்கள் வாசலிலிருந்து கேட் தெரியவில்லை. அந்தப் பனிக்குள்ளிருந்து குப்பனூர்க்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள் — என் வீட்டு மாடியில் குடியிருக்கும் சுதாவைப் பெண் பார்க்க.

சுதாவுக்கு இருபத்து நான்கு வயது. ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனிஸ்ட். காய்ச்சல், தலைவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. அவளுக்கு மாப்பிள்ளையைப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது. அதை என்னிடம் இரண்டு தடவை காட்டினாள்.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் தனியாகக் கேட்டார். "ஏனுங்க, பொண்ணு எப்புடிங்க?"

'நல்ல பெண்' என்று நிறுத்தியிருக்கலாம். மாடிப்படியைக்கூட எண்ணாமல் ஏறாதவன் நான் — இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாதா? "தங்கமான பொண்ணுங்க. ரெண்டு மாசமா அரிப்புத்தான் பாவம். நேத்துக் கால் மணி நேரத்துல பதினேழு தடவ சொறிஞ்சுச்சு" என்றேன்.

அந்த அம்மாள் தன் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

புதன்கிழமை சுதா சேலத்தில் தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். வியாதி எதுவும் இல்லையாம். தொற்றும் இல்லை. குளிருக்கு இதமாக இரண்டு வேளையும் கொதிக்கக் கொதிக்கக் குளியல்... உடம்பெல்லாம் சோப்பு... நைட் ஷிப்டால் நாலு மணி நேரத் தூக்கம்... இறுக்கமான பாலியஸ்டர் யூனிபார்ம்... அதில் போகாமல் தங்கிவிட்ட சோப்புத்தூள்.

"துணிய எத்தன தண்ணில அலசறேன்னு டாக்டரம்மா கேட்டாங்க. ஒண்ணுதாங்க, ஊட்டுக்காரரு அதுக்கு மேல தர்றதில்லீங்கன்னேன். ஏம்மா, கல்யாணம் ஆயிருச்சான்னாங்க. இல்லீங்க, வாடகை ஊட்டுக்காரருன்னேன்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் லாரியை நம்பியிருந்த கோடையில் நான் போட்ட விதி அது. குளிக்க இரண்டு பக்கெட், துணி அலச ஒன்று. மழை பெய்து தொட்டி வழிந்த பிறகும் நான் அதை மாற்றவில்லை. அரிப்பைக் கொடுத்ததும் நான், அதை எண்ணிச் சொன்னதும் நான்.

"குப்பனூர்க்காரங்க போன் பண்ணுனாங்களா, கண்ணு?"

"இல்லீங்கய்யா. நீங்க எதாச்சும் சொன்னீங்களா?"

தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நழுவினேன்.

உங்கள் வீட்டிலும் ஆரோக்கியமான பிள்ளை ஒன்று காரணம் தெரியாமல் சொறிந்துகொண்டிருக்கிறதா? எண்ணாதீர்கள். எவ்வளவு சூட்டில் குளிக்கிறது, எத்தனை மணிக்குப் படுக்கிறது என்று கேளுங்கள். நமக்குத்தான் கேட்பதைவிட எண்ணுவது சுலபமாக இருக்கிறதே!

வியாழன் காலை குப்பனூர் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, பொறுமையாகக் கேட்டார்.

"அப்படீங்களா... பையனுக்கு அந்தப் பொண்ணு மேல நொம்ப ஆசைங்க. நாந்தான் வேண்டாண்ட்டேன். நேத்துத்தானுங்க வேற எடத்துல வெத்தல பாக்கு மாத்துனோம்."

மாலையில் சுதாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு மாடி ஏறினாள்.

எனக்கு ஆன மொத்தச் செலவு — பஸ்ஸுக்குப் போக வர அறுபத்தெட்டு ரூபாய்.