ஒரே வரிக்குள் அறுபத்து நாலு பேர்

தலவாக்கலைக் கணினிப் பயிற்சி நிலையத்தில், எல்லா மேசைத் திரைகளும் இணைந்திருந்த ஒரே யுனிக்ஸ் கணினிக்கு நாகலெட்சுமிதான் பொறுப்பு. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழும்பில் படித்துவிட்டுத் திரும்பியவள். இரண்டாயிரத்து இரண்டில், மாணவர்கள் அறுபத்து நாலு பேரையும் ஒரே குழுவில் போட்டு, பாடங்களை அந்தக் குழுவுக்குத் திறந்துவிட்டாள். சேர்ந்த வரிசைப்படி எல்லாப் பெயர்களும் குழுப் பட்டியலில் ஒரே நீண்ட வரியில் இருந்தன.

முதல் வகுப்பிலேயே டயகமத் தோட்டத்து மாணவர்கள் ஒன்பது பேருக்கு மட்டும் பாடம் திறக்கவில்லை. ‘அனுமதி இல்லை’ என்றது திரை.

அடுத்த நாள் டயகமத் தோட்டத்துத் தலைவர் செல்லசாமி பதினைந்து பேரோடு வந்து நின்றார்.

“ஏம்மா, எங்க புள்ளைங்களுக்கு மட்டும் கதவ சாத்திட்டியாமே? அக்கரப்பத்தனைக்காரி புத்திய காட்டிட்ட!”

“ஐயோ, நான் செய்யலீங்க தலைவரே. ஒரு வரியில ஐநூத்திச் சொச்சம் எழுத்துதான் மெஷினு வாசிக்குது. அதுக்கு மேல இருக்கிற பேர கண்டுக்கறதே இல்ல. ஒங்க புள்ளைங்க பஸ் லேட்டாகி கடைசியா சேந்தாங்க.”

“அப்ப எங்க பேர முன்னால போடு.”

போட்டாள். இப்போது வரியின் வாலில் மாட்டிக்கொண்டது அக்கரப்பத்தனையின் ஒன்பது பேர். அவர்களுக்காகச் சண்டைக்கு வந்தவர் அவளுடைய சொந்தச் சித்தப்பா.

“பெத்த ஊரையே காட்டிக் குடுத்துட்டியே, லெட்சுமி!”

நிலையப் பொறுப்பாளர் துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். சத்தம் கேட்டாலே அவருக்குத் தலை சுற்றும். “பிள்ளை, நீர் எல்லாருக்கும் பாடத்தைப் பூட்டிவிடும். அப்ப ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டினம்” என்றார்.

நாகலெட்சுமி மூன்று நாள் கையேட்டைப் புரட்டினாள். வழி கிடைத்தது. வரியை நாலாக உடைத்து நாலு குழுப் பெயர் வைக்கலாம். நாலுக்கும் ஒரே இலக்கம் கொடுத்தால் போதும். அனுமதிக்குக் கணினி பார்ப்பது குழுவின் பெயரை அல்ல, இலக்கத்தைத்தான். தோட்டப் பெயர் வைத்தால் எது முதல் என்று அடுத்த சண்டை வரும். ஆகவே மலைநாட்டு மரக்கறிப் பெயர்கள்: கேரட், லீக்ஸ், பீட்ரூட், கோவா என்கிற முட்டைக்கோஸ்.

எல்லோருக்கும் பாடம் திறந்தது. செல்லசாமி மறுபடி வந்தார்.

“எங்க புள்ளைங்கள எதுக்கு லீக்ஸுல போட்ட? கேரட்டு ஒசத்தியா?”

“எல்லாத்துக்கும் ஒரே நம்பருங்க. நீங்களே ஒக்காந்து பாருங்க.”

உட்கார்ந்தார். திரையில் விரல் வைத்து நாலு வரியிலும் இலக்கத்தைச் சரிபார்த்தார். பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

“எம்பேரையும் அந்தக் கோவாவுல போடு.”

சனிக்கிழமை தோறும் வந்து ஒற்றை விரலால் தட்டப் பழகினார். இரண்டு மாதத்தில் துரைராசாவின் மேசைக்கு, செல்லசாமி தட்டி அச்சடித்த ஆங்கில மனு ஒன்று போனது: நிலையத்துக் கக்கூசுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தது யார் என்று துரைராசா கேட்டார். நாகலெட்சுமி கணினியில் வெகு மும்முரமாக இருந்தாள்.