கேட்காத வெடியும் ஜேசுரட்ணத்தின் திருப்புளியும்

துவக்குச் சத்தத்துக்கு அஞ்சி நாட்டை விட்டு ஓடிவந்த ஒரு மனிதர், ஜேர்மனியின் ஹம் நகரத்துப் பழஞ்சாமான் சந்தையில் ஒரு துவக்கைத் தேடி வாங்கினாரே, ஏன்? 2006இல் எங்கள் ஆட்கள் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். என்னிடமும் கேட்டார்கள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை.

ஜேசுரட்ணம் இலங்கையில் மன்னார்ப் பக்கம், முருங்கனைச் சேர்ந்தவர். ஹம்மில் ஒரு கம்பித் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கடைசி வாங்கில் இருப்பார். யார் வீட்டிலாவது கதவுப் பூட்டு இறுகினாலும் தையல் மெசின் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வந்ததும் முதலில் திருகாணியின் தலையைப் பார்ப்பார். அதை யாராவது கத்தியால் கிளறி வைத்திருந்தால் முகம் கறுத்துவிடும். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார். காரணம் மனைவி அன்ரனிற்றாவுக்கு மட்டும்தான் தெரியும்.

ஜேசுரட்ணத்தின் தமையன் கிறிஸ்தோப்பரிடம் ஓர் இடியன் துவக்கு இருந்தது. குழலின் வாய்ப்பக்கமாக மருந்தையும் சன்னத்தையும் போட்டுக் கோலால் இடிப்பதால் வன்னியில் அதற்கு அந்தப் பெயர். 1990இல் ஒருநாள் காலை, பன்றி வேட்டைக்கென்று அதைத் தோளில் போட்டுக்கொண்டு கிறிஸ்தோப்பர் காட்டுக்குள் போனார். ஆளும் திரும்பவில்லை, துவக்கும் திரும்பவில்லை.

அன்று பொழுதுபடும்வரை ஜேசுரட்ணம் காட்டோரம் நின்றார். ஒரு வெடிகூடக் கேட்கவில்லை. அதுதான் அவரை விடவில்லை. பன்றி வந்திருந்தால் தமையன் சுட்டிருப்பார். போர்க்காலம், பிடிக்க ஆட்கள் வந்திருந்தாலும் சுட்டிருப்பார். ஏன் சுடவில்லை?

அதற்கு முதல்நாள் பின்னேரம், விசையை இழுத்ததும் விழுந்து அடிக்கிற குதிரை கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. கிறிஸ்தோப்பர் அடுப்படிக் கத்தியின் நுனியால் அதன் திருகாணியை இறுக்கினார். கத்தி வழுக்கியது. திருகாணித் தலையின் வெட்டு சிதைந்துபோனது. "காணும் விடு, பிடிக்கும்," என்று சிரித்துக்கொண்டே துவக்கைச் சுவரில் மாட்டினார். பக்கத்தில் இருந்து பார்த்த ஜேசுரட்ணம் அன்றிலிருந்து ஒன்றையே நம்பினார்: அந்தத் திருகாணி பிடிக்கவில்லை, குதிரை விழவில்லை, தமையன் வெறுங்கையோடு நின்றதுபோல நின்று செத்தார்.

சந்தையில் துருப்பிடித்த பூட்டுகளுக்கும் வாணலிகளுக்கும் நடுவில், இடியனைப் போலவே வாய்ப்பக்கமாக நிரப்புகிற அந்த ஒற்றைக்குழல் துவக்கு கிடந்தது. குதிரையின் வளைவைக் கண்டதும் அவருடைய கை தானாகவே நீண்டது. கூடப்போன வாசுதேவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வாசுதேவன் யாழ்ப்பாணத்துக்காரர், நகரத்தில் ஓர் இரும்புச்சாமான் கடையில் வேலை செய்பவர், பகிடி விடாமல் அவரால் இருக்க முடியாது.

"என்னண்ணை, துவக்குக்குப் பயந்து அகதியெண்டு அசூல் அடிச்சனாங்கள். இப்ப நீங்களே வாங்கிக்கொண்டு போனால், இனி உங்களுக்குப் பயந்து நாங்கள் எங்க அசூல் அடிக்கிறது?"

"சும்மா இரும் வாசு. உதின்ரை குதிரைப் பூட்டைக் கழட்டிப் பாக்கவேணும்."

"உள்ளுக்கை மருந்து கிருந்து கிடக்குமோ?"

"ஜேர்மன்காரன் விக்கிற சாமான். துடைச்சு வெறுமையாக்கித்தான் வைச்சிருப்பான்."

இவ்வளவு பழைய துவக்குக்கு அனுமதி தேவையில்லை என்று விற்றவரும் சொன்னார். ஜேசுரட்ணம் அதைப் பழைய போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீடு பழைய வீடாக இருக்கவில்லை. வேலையால் வந்ததும் அவர் துவக்கை மடியில் வைத்துக் குதிரையைப் பின்னுக்கு இழுப்பார், மெல்ல இறக்குவார். டிக். பிறகும் டிக். அன்ரனிற்றா அரிசி கழுவும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். திரும்பினால் குளிர்ப்பெட்டி மட்டும்தான் நிற்கும். ஒருநாள் அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்திலும் அந்தச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார். போர்வை சுற்றியபடியே கிடந்தது.

"இஞ்சருங்கோ, எனக்கு இனி ஏலாது," என்றார் அன்ரனிற்றா. "காட்டுக்குள்ளை போன அத்தானைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிறியள். வாற ஞாயிறுக்குள்ளை உது வெளியாலை போகவேணும். இல்லாட்டி நான் லாராவைக் கூட்டிக்கொண்டு எசனுக்கு அக்கா வீட்டை போறன்."

லாரா அவர்களுடைய மகள். துவக்கு கிடந்த அறைப்பக்கமே போக மறுத்தாள்.

"ஒருக்காக் கழட்டிப் பாக்க விடும். திருகாணி தளர்ந்தால் குதிரை விழுமோ விழாதோ எண்டு எனக்குத் தெரியவேணும். பிறகு நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்."

"கழட்டிறதெண்டால் கெதியாய்க் கழட்டுங்கோவன். வீட்டிலை ஸ்குரூ டிரைவர் இல்லையோ?"

இருந்தது, ஒரு பெட்டி நிறைய. ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட அவர் அந்தத் துவக்கில் வைக்கவில்லை. சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்புப்போல மேலே போகப் போகத் தடிக்கும். வெட்டின் விளிம்பை மட்டும்தான் அது பிடிக்கும். அழுத்தித் திருப்பினால் மேலே கிளம்பி வழுக்கும், வெட்டைத் தின்றுவிடும். பழைய துவக்குத் திருகாணிகளின் வெட்டோ மெல்லியது, நேரானது. அதற்குப் பக்கங்கள் இரண்டும் சமமாக இறங்குகிற அலகு வேண்டும். அகலம் திருகாணித் தலையைத் தாண்டக்கூடாது, தாண்டினால் சுற்றியிருக்கும் இரும்பில் கீறும். தடிப்பு வெட்டை முழுக்க நிரப்பவேண்டும்.

வாசுதேவனின் கடையில் அவர் திருப்புளி தெரிந்தெடுத்த கதையை வாசுதேவன் பிறகு வருடக்கணக்காகச் சொல்லித் திரிந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார், நகத்தால் தட்டுவார், திரும்ப வைப்பார்.

"அண்ணை, பொம்பிளை பாக்கேக்கையும் இப்பிடித்தான் பாத்தனீங்களோ?"

"அப்ப இவ்வளவு யோசிக்கேல்லை."

"அது அக்காவைக் கண்டால் தெரியுது."

கடைசியில் நல்ல உருக்கில் செய்த, தேவைக்கு மேல் அகலமான ஒன்றை எடுத்தார். துவக்குத் திருத்துகிறவர்கள் வைத்திருக்கும் அலகு அந்தக் கடையில் இல்லை, ஆகவே தானே அராவுவது என்று தீர்மானித்தார். சாணைச் சில்லில் பிடிக்கவில்லை. சூடேறி உருக்கு நீலமாகிவிட்டால் நுனி மெழுகுபோல ஆகிவிடும் என்று அவருக்குத் தெரியும். எண்ணெய் பூசிய கல்லில் கையாலேயே தேய்த்தார். கொஞ்சம் தேய்ப்பார், வெட்டில் வைத்துப் பார்ப்பார், மறுபடியும் தேய்ப்பார். சனிக்கிழமை முற்பகல், குசினி மேசையில், அலகு வெட்டுக்குள் இறங்கியது. கையை எடுத்தார். திருப்புளி சாயாமல் தானாகவே நேராக நின்றது.

அவர் அழுதார் என்று அன்ரனிற்றா சொல்கிறார். கண்ணில் இரும்புத்தூள் விழுந்தது என்று ஜேசுரட்ணம் சொல்கிறார்.

திருப்புவதற்காகக் குனிந்தபோது குழலின் வாய் அன்ரனிற்றா நின்ற பக்கம் பார்த்தது. அன்ரனிற்றா சட்டென்று ஒதுங்கினார். அவரும் வன்னிப் பிள்ளைதான், தகப்பன் வீட்டிலும் இடியன் இருந்தது.

"கோல் விட்டுப் பாத்தனீங்களோ?"

ஜேசுரட்ணத்தின் கை நின்றது.

அவர்களுடைய ஊரில், யாருடைய இடியனைக் கையில் எடுத்தாலும் முதலில் செய்வது அதுதான். குழலுக்குள் கோலை விட்டு, அடையாளம் பிடித்து, வெளியே வைத்து அளந்து பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். ஒழுங்கான நாட்டுச் சாமான் என்ற நம்பிக்கையில் அவர் அதைச் செய்யவே இல்லை.

அன்ரனிற்றா யன்னல் சீலையின் மெல்லிய தடியைக் கழற்றிவந்து, பக்கவாட்டில் நின்றபடி குழலுக்குள் விட்டார். வாயோடு பெருவிரலை வைத்துப் பிடித்தார். வெளியே எடுத்துக் குழலின்மேல் வைத்தார். தடி அடிக்கட்டைவரை போகவில்லை. நான்கு விரல் குறைந்தது.

"நிரப்பிக் கிடக்கு," என்றார் அன்ரனிற்றா. "மாதாவே, நிரப்பிக் கிடக்கு."

இவ்வளவு நாளும் டிக், டிக் என்று அதை வைத்துத்தான் விளையாடினார். பொறி கொடுக்கிற கேப்பு இல்லாததால்தான் வெடிக்காமல் இருந்தது. ஜேசுரட்ணம் திருப்புளியை மேசையில் வைத்தார். பொலிசைக் கூப்பிடப் பயந்தார். கறுத்த ஆள், வீட்டில் துவக்கு, என்ன நினைப்பார்கள்? அன்ரனிற்றா கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, தானே அழைத்தார். வந்த இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். துவக்கைக் கொண்டுபோய் நகரத்திலுள்ள ஒரு துவக்குத் திருத்துபவரிடம் கொடுத்தார்கள்.

அடுத்த கிழமை ஜேசுரட்ணம் அங்கே போனார். திருத்துபவர் ஒரு தட்டில் கட்டிபட்ட கரிய மருந்தும், மக்கிய கடதாசியும், ஓர் ஈயக்குண்டும் வைத்திருந்தார். ஜேசுரட்ணம் அவற்றைப் பார்க்கவில்லை. குதிரையைப் பிடித்திருந்த திருகாணியைக் காட்டினார்.

"இது தளர்ந்திருந்தால் குதிரை விழாதா?"

"விழும். கொஞ்சம் ஆடிக்கொண்டு விழும். பெரும்பாலும் வெடிக்கும்."

"அப்படியென்றால் இது அந்தக் காலத்திலேயே ஏன் வெடிக்கவில்லை?"

திருத்துபவர் அவரை விநோதமாகப் பார்த்தார். "பூட்டில் ஒரு குறையும் இல்லையே. நிரப்பியவர் சுடவில்லை, அவ்வளவுதான். மழை வந்திருக்கும். மான் ஓடியிருக்கும். சுட மனம் வராமல் இருந்திருக்கும். யாருக்குத் தெரியும்?"

துவக்கை அங்கேயே விட்டுவிட்டு ஜேசுரட்ணம் பஸ் எடுக்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தார்.

"திருகாணியிலை பிழை இல்லையாம்," என்றார்.

அன்ரனிற்றா அடுப்பை நிற்பாட்டிவிட்டு எதிரே வந்து இருந்தார்.

"அப்ப அத்தான் சுடாமல் விட்டிருக்கிறார்," என்றார் அன்ரனிற்றா. "அவர் சுடேல்லை எண்டால், எதிரை நிண்டவன் செத்திருக்கமாட்டான். அவன் எங்கையோ உயிரோடை இருப்பான், என்ன?"

ஜேசுரட்ணம் தலையை நிமிர்த்தினார். பதினாறு வருடமாக அவர் ஓர் இரும்புத் துண்டிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை ஒரு மனிதரிடம் கேட்கலாம் என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

எதிரே யாரும் நிற்கவில்லை என்றும் இருக்கலாம். அதுவும் அவருக்குத் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து, எசனிலோ டுசல்டோர்ஃபிலோ ஒரு கலியாணவீட்டுக்குப் போனால், மன்னார் வன்னி ஆட்களை இனங்கண்டு பக்கத்தில் போய் இருந்து இந்தக் கதையைச் சொல்கிறார். வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொல்கிறார். அவர் போகாத மண்டபங்கள் ஏராளம். ஆகவே இதை வாசிக்கிற நீங்களும் சொல்லுங்கள். கிறிஸ்தோப்பர் உயரமானவர், வலது புருவத்தில் தழும்பு இருக்கும், அன்று நீலச் சாரம் கட்டியிருந்தார். 1990இல் முருங்கன் பக்கத்துக் காட்டில், கையில் இடியன் இருந்தும் சுடாமல் நின்ற ஒருவரைக் கண்டவர் எந்த ஊரில், எந்தப் பக்கத்தில் இருந்தாலும் சரி, யாராக இருந்தாலும் சரி, அவருடைய காதுக்கு இது போய்ச் சேரவேண்டும்.