தட்டிக்கு அந்தப் பக்கத்துச் சரித்திரம்

தோழிகளே, இன்று நடந்ததை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு அவமானமான இடத்தையும் சேர்த்துத்தான்.

எங்கள் பள்ளியில் ஐந்தாம் பாரம் வகுப்புக்கு வந்தால் கணிதமோ சரித்திரமோ, ஒன்றைத்தான் எடுக்கலாம். அதற்கு விருப்பப் பாடம் என்று பெயர். அப்பா தன் விருப்பப்படி என்னைக் கணிதத்தில் சேர்த்துவிட்டார். எனக்கோ இரண்டும் வேண்டும்.

இரண்டு வகுப்பும் ஒரே மணியில்தான். நடுவில் ஓர் ஓலைத் தட்டி. நான் தட்டியோரம் உட்கார்ந்து கையால் கணக்குப் போடுவேன், காதை அந்தப் பக்கம் அனுப்பிவிடுவேன்.

இன்று சரித்திர டீச்சர் கேட்ட கேள்விக்கு அங்கே ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பொறுக்க முடியாமல் இங்கே நான் எழுந்து நின்று பதில் சொல்லிவிட்டேன்!

இரண்டு வகுப்பும் சிரித்தன. கணக்கு டீச்சர், "ஏண்டி, நீ இந்த வகுப்பா, அந்த வகுப்பா?" என்று கேட்டு, தலைமையாசிரியையிடம் அனுப்பினார். அங்கே போய், எனக்கு இரண்டு பாடமும் வேண்டும் என்றேன்.

"அம்புட்டையும் படிச்சு என்ன செய்யப் போறே? ஒண்ணை விட்டுரு" என்றார் தலைமையாசிரியை.

நான் ஒரு வழி சொன்னேன். "கடைசி மணியில சரித்திர டீச்சருக்கு வகுப்பு இல்ல, டீச்சர். அப்ப அவங்ககிட்டப் படிச்சுக்கிறேன்."

"அப்ப உனக்குத் தையல் வகுப்பாச்சே?"

"அதை விட்டுர்றேன், டீச்சர். நீங்கதானே ஒண்ணை விடச் சொன்னீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். "சரி, போ. மார்க் குறைஞ்சா ரெண்டும் கிடையாது."

ஞாயிறன்று எங்கள் ஊர் அகரத்திலிருந்து அப்பா என்னைப் பார்க்க விடுதிக்கு வருகிறார். மகள் தையலை விட்ட செய்தியை அவரிடம் எப்படி ஆரம்பிப்பது? யோசனை இருப்பவர்கள் உடனே எழுதுங்கள்.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.